முன்பணம் கொடுக்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறுங்க!

வீடு பார்க்கப் போகும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? வாசல் எந்தத் திசை, போரில் தண்ணீர் எப்படி, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கா? பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துச் சரிபார்க்கிறோம். கூரையை மட்டும் விட்டுவிடுகிறோம். "மாடி பூட்டியிருக்கு, சாவி ஓனர்கிட்ட இருக்கு" என்று புரோக்கர் சொன்னதும், "சரி, பரவாயில்லை" என்று திரும்பிவிடுகிறோம்.

அந்தப் "பரவாயில்லை" பிறகு பெரிய செலவு வைக்கும். சுவரில் பெயின்ட் போனால் அடித்துக்கொள்ளலாம், குழாய் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். கூரை கெட்டுப்போனால் அதன் கீழே இருக்கும் மின் வயரிங், அலமாரி, சுவர் எல்லாமே சேர்ந்து கெடும். தூங்குகிற பிள்ளையின் மேல் காங்கிரீட் பெயர்ந்து விழும் அபாயமும் உண்டு. அதனால் பழைய வீடு, அதாவது ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கப் போகிறவர்கள் இந்தப் பாடத்தைப் பொறுமையாகப் படிங்க. உங்கள் மொபைலும் அரை நாள் நேரமும் இருந்தால் பாதி வேலையை நீங்களே செய்துவிடலாம். மீதிப் பாதிக்குப் பொறியாளர் வேண்டும்.

சட்டம் உங்கள் கண்ணையும் கணக்கில் எடுக்கும்

"குறை இருந்தால் விற்றவர் மேல் கேஸ் போட்டுக்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு எளிதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, இதைத் தெளிவாகச் சொல்கிறது. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையைக் கவனிங்க. ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்த விரிசல் வேறு, மாடிக்கு ஏறினால் பளிச்சென்று தெரியும் விரிசல் வேறு. ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு, "நான் பார்க்கவே இல்லை" என்று பிறகு சொன்னால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். மறைக்கப்பட்ட குறையைத் தெரிந்தே சொல்லாமல் விடுவதை அதே பிரிவு மோசடி என்கிறது.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். "உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன்" என்ற வரி இருந்தால் உஷாராகிடுங்க. வங்கி ஏலத்தில் வரும் வீடுகள் பெரும்பாலும் இந்த நிபந்தனையோடுதான் விற்கப்படுகின்றன. அங்கே ஏலத் தேதிக்கு முன்பே கூரையைப் பார்த்துவிடுவதுதான் ஒரே பாதுகாப்பு.

கூரை எப்படிக் கெடுகிறது?

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் பார்ப்பதில் அர்த்தம் இருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு ஆர்.சி.சி. தளம், அதாவது கம்பி கட்டிப் போட்ட காங்கிரீட் கூரைதான். கம்பி வெளியே தெரியாமல் அதன் கீழே கொஞ்சம் காங்கிரீட் மூடியிருக்கும். கொத்தனார்கள் இதை "கவர்" என்பார்கள். இந்திய தரக்கட்டுப்பாட்டு விதி ஐ.எஸ். 456:2000, சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. உப்புக்காற்று நேரடியாக அடிக்கும் கடற்கரை போன்ற கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது.

மாடியில் தேங்கும் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். உள்ளேயே வீங்குவதால் அடியில் இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளும். முதலில் மெல்லிய விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, கடைசியில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே துரு நிற்காது. வீட்டை விற்கும் நேரத்தில் இந்தப் பூச்சு வேலைதான் அதிகம் நடக்கும்.

எப்போது போகணும்?

மழை பெய்த மறுநாள் போங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை தன் உண்மையைத் தானே சொல்லிவிடும். வெயில் காலத்தில் வீடு பார்க்க நேர்ந்தால், பக்கத்து வீட்டிலும் கீழ் வீட்டில் குடியிருப்பவரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. "போன வருஷ மழையில ஒழுகுச்சா?" என்ற ஒரு கேள்விக்கு, புரோக்கரிடம் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

பகலில் போகணும். ஒரு தடவை வீட்டுக்காரரோடு, இன்னொரு தடவை பொறியாளரோடு, இப்படி இரண்டு தடவையாவது போவது நல்லது. டார்ச், ஒரு நீளமான குச்சி அல்லது துடைப்பக் கட்டை, ஒரு பக்கெட், மொபைல். இவ்வளவு போதும்.

மொட்டை மாடியில் பார்க்க வேண்டியவை

*தண்ணீர் தேங்கிய தடம்.* வட்ட வட்டமாகக் கறுப்பு அல்லது பச்சைப் பாசி படிந்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கெட் தண்ணீரை மூலையில் ஊற்றுங்க. அது வடிகால் குழாயை நோக்கி ஓடணும். நடுவிலேயே நின்றால் சரிவு சரியில்லை. மொபைலில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்-ஐயும் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

*வடிகால் குழாய்.* ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 93 லிட்டர் தண்ணீர். ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் 9,300 லிட்டர். இவ்வளவும் அந்த ஒன்றிரண்டு குழாய்கள் வழியாகத்தான் இறங்கணும். குழாய் வாயில் சருகு அடைத்திருக்கா, குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்க. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் குழாய் சேகரிப்புத் தொட்டிக்கோ உறிஞ்சு குழிக்கோ போகணும், வீட்டின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் கொட்டக் கூடாது.

*மேல் பூச்சு.* பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓடுகளுக்கு இடையே உள்ள இணைப்புகள் வெடித்திருக்கா, குச்சியால் தட்டினால் "டொக் டொக்" என்று வெற்றுச் சத்தம் வருதா என்று பாருங்க. வெற்றுச் சத்தம் வந்தால் ஓடு பிடிப்பை விட்டுவிட்டது. மாடி முழுக்க அப்போதுதான் அடித்த வெள்ளைப் பூச்சு இருந்தால், "எப்போ அடிச்சீங்க, ஏன் அடிச்சீங்க, உத்தரவாத அட்டை இருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்டுடுங்க.

*கைப்பிடிச் சுவரின் அடி.* சுவரும் தளமும் சேரும் மூலைதான் தண்ணீர் உள்ளே நுழையும் முக்கிய வாசல். அங்கே வளைவாகப் பூசியிருக்கணும். விரிசலோ, முளைத்த செடியோ இருக்கக் கூடாது. சின்ன அரசமரக் கன்று என்று அலட்சியமாக விட்டுடாதீங்க, அதன் வேர் காங்கிரீட்டைப் பிளக்கும்.

*நீட்டி விட்ட கம்பிகள்.* "பிற்காலத்தில் இன்னொரு மாடி கட்டலாம்" என்று தூண் கம்பிகளை அப்படியே நீட்டி விட்டிருப்பார்கள். நம் ஊரில் எங்கும் பார்க்கிற காட்சிதான். மூடாமல் பல வருடம் மழையில் நனைந்த கம்பி உள்ளேயும் துருப்பிடித்திருக்கலாம். கம்பி நிற்கும் இடம் வழியாகத் தண்ணீரும் இறங்கும். "கம்பி இருக்கு, மேல கட்டிக்கலாம்" என்ற பேச்சை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீங்க. அஸ்திவாரம் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் சொல்லணும், கட்ட அனுமதி தனியாக வாங்கணும்.

*தண்ணீர்த் தொட்டி.* 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. ஆட்கள் நடமாடும் தட்டையான மாடியைச் சாதாரணமாக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமைக்குத்தான் வடிவமைப்பார்கள். அதனால் தொட்டி சுவர் அல்லது பீம் மேல் இருக்கணும், தளத்தின் நடுவில் இருக்கக் கூடாது. அபார்ட்மென்ட் மாடியில் செல்போன் கோபுரம் இருந்தால் அதன் சுமையைப் பற்றியும் விசாரிங்க.

வீட்டுக்குள் அண்ணாந்து பாருங்க

மாடியிலிருந்து இறங்கி, மேல் தளத்தின் ஒவ்வோர் அறையிலும் டார்ச் அடித்துச் சீலிங்கைப் பாருங்க. எட்டாத இடத்தை மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்க. ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு பொருள் இருக்கு:

- வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால்: தண்ணீர் இறங்கி வருகிறது.
- பழுப்புக் கறை, அதிலும் நேர்க்கோட்டில் இருந்தால்: கம்பி துருப்பிடிக்கிறது. இதுதான் முக்கியமான எச்சரிக்கை.
- வலை போல மெல்லிய கீறல்கள்: பெரும்பாலும் பூச்சில் மட்டும் வருபவை. ஆனாலும் படம் எடுத்துப் பொறியாளரிடம் காட்டுங்க.
- கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கை வாட்டத்தில் ஓடும் விரிசல்: வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் மேல் மாடிகளில் அடிக்கடி வருவது. அந்த வழியாகத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கணும்.
- தளத்தின் நடுப்பகுதி கீழே தொங்குவது போலத் தெரிந்தால்: வேறு எதையும் பார்க்க வேண்டாம், முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்க.

பால்கனியையும் சன்ஷேடையும் தனியாகப் பாருங்க. இவை ஒரு பக்கம் மட்டுமே பிடிப்போடு நீட்டிக்கொண்டிருப்பவை. இவற்றின் முக்கியக் கம்பி மேல் பகுதியில்தான் இருக்கணும். அதனால் சுவரோடு சேரும் இடத்தில் மேல் பக்கம் விரிசல் இருந்தால் அது ஆபத்து. அதன் கீழே நிற்கவே நிற்காதீங்க.

ஒரே ஓர் அறைக்கு மட்டும் புதுப் பெயின்ட், ஒரே ஓர் அறையில் மட்டும் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் காரணம் கேளுங்க. லைட் மாட்டிய ஒரு துளையைத் திறந்து, உள்ளே மொபைலை நீட்டி வீடியோ எடுக்க அனுமதி கேளுங்க. மின் இணைப்பை அணைத்த பிறகுதான் இதைச் செய்யணும்.

மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் அது கூரைக் கசிவாக இல்லாமல் குழாய்க் கசிவாக இருக்கலாம். மேலே குளியலறை இருக்கா என்று பாருங்க.

ஓட்டு வீடு, பழைய மெட்ராஸ் டெரஸ், ஷீட் கூரை

ஓட்டு வீட்டில் ஓட்டைவிடக் கட்டைதான் முக்கியம். உடைந்த ஓட்டை மாற்றிவிடலாம், ஆனால் கரையான் அரித்த சட்டத்தை மாற்றுவது பெரிய வேலை. சுவருக்குள் நுழையும் கட்டையின் முனையைத் தட்டிப் பாருங்க. ஈரம் தங்குவதும் உளுத்துப்போவதும் முதலில் அங்கேதான்.

சென்னையின் பழைய பகுதிகளில் உள்ள மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், மரக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் அடுக்கித் தளம் போட்டிருப்பார்கள். நல்லபடி பராமரித்தால் நீண்ட காலம் நிற்கும். இங்கும் மரத்தின் நிலைதான் கூரையின் நிலை. இந்த வகையை அறிந்த பொறியாளரிடமே காட்டுங்க.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. அதிலிருந்து வரும் நார்த்தூசு நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயும் வரவழைக்கும். அதன்மேல் ஏறவும் கூடாது, மிதித்தால் உடைந்து ஆள் கீழே விழும் ஆபத்து உண்டு.

அபார்ட்மென்ட் என்றால்

மேல் மாடி ஃப்ளாட் வாங்கினால் மொட்டை மாடி உங்களுக்கா, எல்லோருக்குமா? 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆகவே "டெரஸ் உங்களுக்கே" என்று யாராவது விற்றால் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்க. சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படிங்க. "கசிவு" என்ற சொல் எத்தனை தடவை வருகிறது, சரிசெய்யப் பணம் ஒதுக்கியிருக்காங்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

கட்டடம் புதியதா? அதே சட்டத்தின் பிரிவு 14, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்தால், கட்டியவர் 30 நாட்களுக்குள் கட்டணம் இல்லாமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அதனால் ஒப்படைத்த தேதி இருக்கும் கடிதத்தை விற்பவரிடம் மறக்காமல் வாங்கிக்கோங்க. திட்டம் பதிவு பெற்றதா என்பதைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் அங்கேயே கொடுக்கலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அமைந்த திட்டங்களுக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் பதிவு கட்டாயமில்லை என்பதையும் நினைவில் வைங்க.

பொறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"லோன் கொடுக்கிற பேங்க்கே ஆள் அனுப்பிப் பார்த்துடுச்சே!" என்பார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா என்பதைத்தான். அடுத்த மழையில் ஒழுகுமா என்பது அவர் வேலை இல்லை.

உள்ளாட்சி அமைப்பிலோ, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யிலோ பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை நீங்களே தேடிப் பிடிங்க. விற்பவரோ புரோக்கரோ காட்டும் ஆள் வேண்டாம். கசிவு வேலையைக் கான்ட்ராக்ட் எடுப்பவரும் வேண்டாம், ஏனென்றால் வேலை இருக்கு என்று சொன்னால்தான் அவருக்கு வருமானம். கட்டணத்தை முன்பே பேசிடுங்க.

அவர் காங்கிரீட்டின் மேற்பரப்பு வலிமையைப் பார்க்க ரீபவுண்ட் ஹேமர் சோதனையும், உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கா என்று பார்க்க அல்ட்ராசோனிக் சோதனையும் செய்யலாம். இரண்டுமே தளத்தை உடைக்காமல் செய்பவை. வடிகாலை அடைத்து மாடியில் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதை நீங்களாகச் செய்யாதீங்க. 1,000 சதுர அடியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே நாலரை டன்னுக்கும் மேல் எடை. பலவீனமான தளத்துக்கு அது தாங்காது.

வாய்மொழியாக "நல்லாதான் இருக்கு" என்பது போதாது. படங்களோடு எழுத்து அறிக்கை வாங்குங்க. என்ன குறை, எதனால் வந்தது, உடனே செய்ய வேண்டியது எது, உத்தேசச் செலவு எவ்வளவு ஆகிய நான்கும் அதில் இருக்கணும்.

குறை தெரிந்தால் என்ன செய்வது?

பயந்து ஓட வேண்டியதில்லை. உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கு. பதிவுக்கு முன் விற்பவரே சரிசெய்து கொடுப்பது ஒன்று. பழுதுச் செலவை விலையில் குறைத்துக்கொள்வது இரண்டாவது. கம்பி பரவலாகத் துருப்பிடித்திருந்தாலோ தளம் தொங்கினாலோ வேண்டாம் என்று எழுந்து வருவது மூன்றாவது. முன்பணம் கொடுக்காத வரை மூன்றாவது வழிக்குச் செலவு, பொறியாளர் கட்டணம் மட்டும்தான்.

முதல் இரண்டில் எதைப் பேசினாலும் கிரய ஒப்பந்தத்தில் எழுதுங்க. தமிழ்நாட்டில் 2012-இல் வந்த சட்டத் திருத்தப்படி கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதில் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்க: "மேல்தளக் கூரையில் தமக்குத் தெரிந்த கசிவு, விரிசல், முந்தைய பழுது வேலைகள் அனைத்தையும் விற்பவர் இணைப்பில் குறிப்பிட்டுள்ளார். வேறு குறை ஏதும் தமக்குத் தெரிந்து இல்லை என உறுதி கூறுகிறார்." இந்த வரியில் கையெழுத்துப் போடத் தயங்கும் விற்பவர், சொல்லாமலே உங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்.

அனுமதி பெற்ற வரைபடத்தையும் கேட்டு வாங்குங்க. வரைபடத்தில் ஒரு மாடி, நேரில் இரண்டு மாடி என்றால், கீழ்த்தளத்தின் கூரையும் தூண்களும் திட்டமிடாத சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அனுமதி இல்லாத கட்டுமானம் என்ற சட்டச் சிக்கலும் கூடவே வரும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் மொபைலிலேயே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் கூரையின் வில்லங்கம் வராது, அதை நாம்தான் ஏறிப் பார்க்கணும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க

1. மாடிச் சாவி இல்லாமல் பேச்சுவார்த்தை இல்லை.
2. மழைக்கு மறுநாள் ஒரு முறை, பொறியாளரோடு ஒரு முறை.
3. பாசி, வடிகால், கைப்பிடிச் சுவர் மூலை, நீட்டிய கம்பி, தொட்டி: ஐந்துக்கும் தேதி தெரியும்படி படம்.
4. சீலிங்கில் பழுப்புக் கறை இருந்தால் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் இல்லை.
5. வரைபடம், ஒப்படைப்புக் கடிதம், சங்கக் கூட்டக் குறிப்பு: மூன்றுக்கும் நகல்.
6. எழுத்து அறிக்கை வந்த பிறகே விலை முடிவு.
7. பேசியது எல்லாம் கிரய ஒப்பந்தத்தில்.

வீடு தேடிக்கொண்டிருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ இதை இன்றே அனுப்பிடுங்க. அவர்கள் முன்பணம் கொடுத்துவிட்ட பிறகு அனுப்பினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.